கடல் தாண்டக் கூடாத எட்டு விதை

வாசனை முதலில் மூன்றாவது பெஞ்சுக்கு வந்தது. அதற்கப்புறம்தான் தெல்மா கண்ணைத் திறந்தாள். போதகர் ஜெபம் பண்ணும்போது கண்ணைத் திறக்கிற ஆள் இல்லை அவள். அறுபத்தொன்பது வருஷத்தில் திறந்ததில்லை. அன்றைக்குத் திறந்தாள்.

முன்னால் மேஜையில் ஒரு நீல ஜாடி. அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூ வைக்கிற முறை எதிர்வீட்டு நொரீன் பீட்டியுடையது. நொரீன் முறை வந்தால் பெட்ரோல் பங்கில் வாங்கின எதையாவது செருகிவிட்டுப் போவாள். அன்றைக்கு ஜாடி நிறைய ஸ்வீட் பீ. பார்த்தால் பட்டாணிக் கொடிதான், ஆனால் காயைத் தின்ன முடியாது. பூவுக்கும் மணத்துக்கும் வளர்க்கிறது. சாதாரண ஸ்வீட் பீயாக இருந்தால் தெல்மா ஜெபம் முடிகிறவரை காத்திருந்து, நிதானமாகக் குறை சொல்லியிருப்பாள். இதுவோ நாவல்பழக் கறுப்பு. இதழோரத்தில் தையல்நூல் அளவுக்கு ஒரு வெள்ளை.

அந்தப் பூ இந்த உலகத்தில் இரண்டே தோட்டத்தில்தான் உண்டு. ஒன்று கடலுக்கு அந்தப் பக்கம், ஸ்காட்லாந்தில், போர்ட்பேட்ரிக் ஊரில் மர்டோ ராங்கின் தோட்டம். இன்னொன்று இந்தப் பக்கம், எங்கள் டன்மோரனில் தெல்மா கிரெய்க்கின் தோட்டம். அதிலும் தெல்மாவின் தோட்டத்தில் அந்த வருஷம் அது இல்லை. அவளிடம் இல்லாத பூ நொரீனிடம் இருக்கிறது. வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. இதை மரியாதையாகச் சொல்ல வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

தெல்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் முப்பத்திரண்டு வருஷம் கரண்டி பிடித்தவள். "ஒரு ஆளுக்கு ஒரு கரண்டி" என்பது அவள் சட்டம். போதகர் பிள்ளை தட்டை நீட்டினாலும் ஒரு கரண்டி, தாயில்லாப் பிள்ளை நீட்டினாலும் ஒரு கரண்டி. இரண்டாம் தரம் கஸ்டர்ட் கேட்டுப் பார்த்தவர்கள் இன்றைக்கும் அவளைத் தெருவில் கண்டால் ஒதுங்கிப் போவார்கள். கெட்டவள் கிடையாது. அளந்து கொடுத்தே பழகின கை, அவ்வளவுதான்.

அந்தக் கைக்கு அளக்காமல் வந்தது ஒன்றே ஒன்று. முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு தோட்டப் பத்திரிகையில் அவளுடைய பூவரிசையின் படம் வந்தது. அதைப் பார்த்துவிட்டு, போர்ட்பேட்ரிக்கிலிருந்து முன்பின் தெரியாத ஒரு மனுஷன் கடிதம் போட்டார். உள்ளே ஒரு சின்னக் காகிதப் பொட்டலம். அதில் எட்டு விதை. "நானே இரண்டு செடியைச் சேர்த்து உண்டாக்கினது. பெயர் வைக்கவில்லை. ஒரே தோட்டத்தில் இருக்கிற பூ ஒரு கெட்ட மழைக்குத் தாங்காது. இரண்டாவது தோட்டமாக உங்களுடையது இருக்கட்டும்" என்று எழுதியிருந்தார்.

அன்றிலிருந்து வருஷா வருஷம் ஜனவரி இரண்டாவது வாரத்தில் எட்டு விதை வரும். தெல்மாவிடம் சொந்த விதையே வேண்டிய மட்டும் இருந்தது, ஆனாலும் வரும். அவளும் பதில் போடுவாள்: மழை, எலி, வெஸ்லியின் முட்டிவலி. நன்றி என்று மட்டும் ஒருநாளும் எழுதினதில்லை. எங்கள் பக்கத்தில் செடியோ விதையோ கொடுத்தால் நன்றி சொல்லக் கூடாது. சொன்னால் பட்டுப்போகும். அந்தப் பக்கத்திலும் அப்படித்தான். முப்பத்தோரு வருஷத்தில் இரண்டு பேரும் ஒரே ஒரு தரம் பார்த்துக்கொண்டார்கள், லார்ன் துறைமுகத்து டீக்கடையில், இரண்டு கப்பலுக்கு நடுவே ஒன்றரை மணி நேரம். அதற்கே அவள் புருஷன் வெஸ்லி, பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவன், இன்றைக்கு வரைக்கும் "உன் ஸ்காட்லாந்துக்காரன் எப்படியிருக்கான்?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறான்.

அந்தப் பூவை தெல்மா இந்தக் கரையில் ஒரு ஆத்மாவுக்கும் கொடுத்ததில்லை. கேட்டார்கள். பாதி ஊர் கேட்டது. "இந்த வருஷம் காயே பிடிக்கல" என்பாள். வேலியில் காய் தொங்கும்.

அப்புறம் ஒரே குளிர்காலத்தில் இரண்டு அடி விழுந்தது. டிசம்பரில் கொட்டகையில் பிஸ்கட் டப்பாவைச் சரியாக மூடாமல் விட்டுவிட்டாள். எலி அத்தனை விதையையும் தின்றுவிட்டு உறையை மட்டும் மரியாதையாக மிச்சம் வைத்தது. போகட்டும், ஜனவரியில் மர்டோவின் எட்டு வரும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். ஜனவரி முதல் தேதி புது விதி வந்துவிட்டது. கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து விதையோ, வெட்டின தண்டோ, கிழங்கோ, மண் ஒட்டின வேரோ எதுவும் இந்தப் பக்கம் தபாலில் வர வேண்டுமானால், அரசாங்கத்துத் தாவர அதிகாரி பார்த்து நோயில்லை என்று சான்றிதழ் கொடுக்க வேண்டும். எட்டு விதைக்கு அந்தச் சான்றிதழ் வாங்குகிற செலவில் ஒரு கன்றுக்குட்டியே வாங்கலாம்.

"அவங்க உருளைக்கிழங்கு வறுவல் வரலாமாம், உருளைக்கிழங்கு விதை வரக்கூடாதாம்" என்று வெஸ்லி சிரித்தான். "டப்ளின்லேருந்து வரலாமாம். இங்கேருந்து ஸ்காட்லாந்துக்குப் போகலாமாம். அங்கேருந்து இங்க மட்டும் வரக்கூடாதாம். எவன் உக்காந்து யோசிச்சானோ."

தெல்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வானம் வெளுத்திருந்தால் அவள் அடுப்படி ஜன்னலிலிருந்தே அந்தக் கரை தெரியும். மர்டோவின் கடிதம் விதையில்லாமல் வந்தது. "தபாலாபீஸ் பெண் விதித்தாளைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். நான் சபை மூப்பன். பொய் எழுதி அனுப்ப மனம் வரவில்லை" என்று எழுதியிருந்தார். மனுஷன் அப்படிப்பட்டவர்தான் என்று தெல்மா பொறுத்துக்கொண்டாள். பொறுத்துக்கொண்டது ஜூலை மாதம் சர்ச்சில் அந்த நீல ஜாடியைப் பார்க்கிறவரை.

ஆராதனை முடிந்து எல்லோரும் கூடத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். தெல்மா நேரே நொரீனிடம் போனாள்.

நொரீன் இரண்டு புருஷனைப் புதைத்தவள். உதட்டுச்சாயம் இல்லாமல் கோழிக்குக்கூடத் தீனி போடமாட்டாள். இரண்டு வருஷம் முன்பு பாலிமீனாவிலிருந்து எங்கள் ஊருக்குக் குடிவந்தவள். வந்த புதிதில் கோழி எருவை ஸ்வீட் பீக்குப் போடலாமா என்று தெல்மாவிடம் கேட்க, "எனக்குத் தெரியாது, மர்டோவக் கேளு" என்று பெருமைக்காக விலாசத்தையும் எழுதிக் கொடுத்தது தெல்மாவேதான். ஓணானைத் தூக்கி மடியில் விட்டுக்கொண்ட கதை.

"பூ நல்லாருக்கே நொரீன். பங்குல வாங்கினதா?"

"போடி. நானே வளத்தது. கோழிக்கூண்டுக்குப் பின்னால."

"விதை ஏது?"

நொரீன் டீயை ஒரு வாய் குடித்தாள். கன்னம் சிவந்தது. "அதெல்லாம் சொல்லக்கூடாது தெல்மா. உனக்குத் தெரியாததா?" என்று சொல்லிவிட்டு, கேக் தட்டைத் தூக்கிக்கொண்டு போதகர் பக்கம் நழுவிவிட்டாள்.

சொல்லக்கூடாதாம். கன்னம் வேறு சிவக்கிறது. தெல்மாவுக்கு அதற்குமேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்கு நடக்கிற வழியெல்லாம் பொரிந்து தள்ளினாள்.

"அனுப்பியிருக்கான். அவளுக்கு மட்டும் அனுப்பியிருக்கான். எனக்குன்னா சட்டம், சபை, மனசாட்சி. அவளுக்குன்னா ஒரு மண்ணும் கிடையாது."

"ஒரு பூதானே தெல்மா" என்றான் வெஸ்லி.

"முப்பத்தோரு வருஷம்."

"நானும் அம்பது வருஷமா இருக்கேன். எனக்காக நீ இப்படித் தவிச்சுப் பாத்ததில்லை."

"உன்னை எவ திருடப்போறா?"

வெஸ்லி தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு முன்னால் நடந்தான். அவனுக்கும் கொஞ்சம் சுட்டிருக்கும்.

திங்கட்கிழமை ஒரு கடிதம் எழுதினாள். வழக்கமாக நான்கு பக்கம் எழுதுகிறவள் ஒரே வரிதான் எழுதினாள்: "திருமதி பீட்டியின் தோட்டத்தில் உங்கள் கறுப்புப் பூ மிக நன்றாக வந்திருக்கிறது, சில வீடுகளுக்குத் தபால் ஒழுங்காகப் போகிறது போலிருக்கிறது." வானிலைகூடக் கேட்கவில்லை.

அந்த வாரம் முழுக்க அவள் மாடிக் குளியலறையில்தான் இருந்தாள் என்று சொல்ல வேண்டும். அங்கே ஸ்டூலில் ஏறி நின்றால்தான் நொரீன் வீட்டுக் கோழிக்கூண்டின் பின்பக்கம் தெரியும். பத்துச் செடி. ஆளுயரம். ஒவ்வொரு காம்பிலும் நான்கு பூ. தெல்மாவுக்குக் காம்புக்கு மூன்றுக்குமேல் வந்ததே இல்லை. எருவாலா, இடத்தாலா, அல்லது மர்டோ கடிதத்தில் தனியாக ஏதாவது பக்குவம் சொல்லிக் கொடுத்தாரா? நொரீன் காலையில் வந்து பூவை முகர்ந்து பார்ப்பாள். ஒருநாள் ஒரு பூவைக் கிள்ளித் தன் கம்பளிச் சட்டையில் குத்திக்கொண்டாள். ஸ்டூலில் நின்ற தெல்மா ஜன்னலை இழுத்துச் சாத்தினாள். முப்பத்தோரு வருஷத்தில் அவள் ஒரு பூவைக்கூட உடுப்பில் வைத்துக்கொண்டதில்லை. பூப்போட்டிக்கும் விதைக்கும் போக மிச்சம் இருந்ததே கிடையாது.

வெள்ளிக்கிழமை வரை மர்டோவிடமிருந்து பதில் இல்லை. குற்றமுள்ள நெஞ்சு என்று முடிவு கட்டிவிட்டாள். கூடத்தில் இருந்த போனை எடுத்து, பேசுகிற முனைமேல் பாத்திரம் துடைக்கிற துணியைப் போட்டுக்கொண்டு, பயிர்நோய் பார்க்கிற அரசாங்க ஆபீசுக்குப் பேசினாள். டன்மோரனில் இன்ன வீட்டில் ஸ்காட்லாந்திலிருந்து தபாலில் வந்த விதையைச் சான்றிதழ் இல்லாமல் போட்டிருக்கிறார்கள், கோழிக்கூண்டுக்குப் பின்னால் பத்துச் செடி, கறுப்புப் பூ. பெயரைக் கேட்டார்கள். வைத்துவிட்டாள்.

திரும்பினால் வெஸ்லி மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறான்.

"புடுங்கி எரிச்சிடுவாங்க இல்ல?" என்றான்.

"சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்."

"சரி. அனுப்பினவனையும் விசாரிப்பாங்களே. எண்பத்திநாலு வயசுக் கெழவன். உன் மர்டோ."

இது அவளுக்குத் தோன்றவே இல்லை. சத்தியமாகத் தோன்றவில்லை. கோபத்தில் இருக்கிறவளுக்கு மூக்குக்கு முன்னால் இருப்பது மட்டும்தானே தெரியும். துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"நான் அவர் பேரைச் சொல்லலையே" என்றாள்.

"நீ உன் பேரையும்தான் சொல்லல. துணியப் போட்டுப் பேசினா மட்டும் உன் குரல் யாருக்கும் தெரியாதாக்கும்."

செவ்வாய்க்கிழமை காலையில் தபால்காரன் வந்தான். மர்டோவின் கையெழுத்து. தெல்மா வாசலில் நின்றபடியே பிரித்தாள்.

"தெல்மா, உங்கள் ஒரு வரியை ஐந்து தரம் படித்தேன். திருமதி பீட்டிக்கு நான் எழுதியது ஒரே ஒரு கடிதம், அதுவும் கோழி எருவைப் பற்றி. விதை அனுப்பவில்லை. உங்களுக்கே அனுப்ப முடியாது என்றவன் அவருக்கு அனுப்புவேனா? அந்தக் கறுப்பை என் ஆயுளில் ஒரே ஒருவருக்குத்தான் கொடுத்தேன். அது நீங்கள்.

"இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு எழுதாமல் இருந்தேன். ஏப்ரல் மழையில் என் நாற்று முழுவதும் அழுகிவிட்டது. கையில் கொஞ்சம் வைத்துக்கொள்ளாமல் எல்லா விதையையும் ஒரே தட்டில் போட்ட முட்டாள் நான். உங்களிடம் எலி, என்னிடம் மழை. பூ முடிந்துவிட்டது என்றே நினைத்திருந்தேன். உங்கள் எதிர்வீட்டில் பூத்திருக்கிறது என்றால் அது உங்கள் வேலியிலிருந்துதான் போயிருக்க வேண்டும். எடுத்த கை நன்றாயிருக்கட்டும். உங்கள் பக்கத்திலிருந்து இங்கே அனுப்பத் தடையில்லை என்கிறாள் தபாலாபீஸ் பெண். எட்டு விதை போதும்."

முதல் பத்தியைப் படிக்கும்போது தெல்மாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்று வெஸ்லி பிற்பாடு சொன்னான். இருபது வயசு குறைந்ததாம். ஒரே ஒருவர். அது நீங்கள். இரண்டாவது பத்தியில் அந்த வயசு மொத்தமும் திரும்பி வந்துவிட்டது.

சொல்லக்கூடாது, உனக்குத் தெரியாததா என்றாளே நொரீன். தெரியும்தான். கேட்காமல் எடுத்த செடிதான் நன்றாகப் பிடிக்கும், எங்கே எடுத்தது என்று வாயைத் திறந்தால் பட்டுப்போகும். இது தோட்டம் போடுகிற எல்லோருக்கும் தெரிந்தது. தெல்மாவே எத்தனை பேர் தோட்டத்தில் காம்பு கிள்ளியிருக்கிறாள், கைப்பையில் எப்போதும் ஈரத்துணி வைத்திருப்பாள். நொரீனின் கன்னம் சிவந்தது மர்டோவுக்காக இல்லை. திருட்டுக்காக. போன செப்டம்பரில் வேலிக்குமேல் கையை நீட்டி இரண்டு காயைப் பறித்திருக்கிறாள், கழுதை. அந்தக் காய்தான் இப்போது உலகத்தில் மிச்சம். தெல்மா ஒரு கரண்டிகூடக் கொடுக்காமல் பூட்டிவைத்தது எலி வயிற்றுக்குப் போயிற்று.

தலையைத் தூக்கினால் நொரீன் வீட்டு வாசலில் பயிர்நோய் ஆபீசின் பெயர் எழுதின வெள்ளைக் கார் நிற்கிறது.

அடுப்படிச் செருப்போடு ரோட்டைக் கடந்தாள். கோழிக்கூண்டுக்குப் பின்னால் நொரீன் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். உதட்டுச்சாயம் இல்லை. எதிரே பச்சை மேல்சட்டை போட்ட ஒரு பெண் அதிகாரி, அட்டையில் காகிதம் செருகி எழுதிக்கொண்டிருந்தாள். காலடியில் பெரிய கறுப்புப் பிளாஸ்டிக் பை, காலியாக.

"எங்கேருந்து வந்ததுன்னு சொல்லிட்டீங்கன்னா நான் பாட்டுக்குப் போயிடுவேன் மிஸஸ் பீட்டி" என்று அதிகாரி பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "சொல்லலைன்னா வெளியிலேருந்து வந்ததுன்னுதான் எழுதணும். அப்புறம் இதையெல்லாம் எடுத்துட்டுப் போகணும்."

"ஒருத்தர் குடுத்தாங்க. ஞாபகமில்ல" என்றாள் நொரீன். சொல்லும்போது தெல்மாவைப் பார்த்தாள். பார்த்த பார்வையில், போன் பண்ணினது யார் என்று அவளுக்குத் தெரியும் என்பது தெரிந்தது.

தெல்மா அந்தக் காலிப் பையைப் பார்த்தாள். உண்மையைச் சொல்லலாம்: இவள் திருடி, என் வேலியில் பறித்தாள். பூ பிழைக்கும். நொரீன் மானம் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கக் கப்பலேறும். அவளுக்கு அந்த ஆசை இல்லாமல் இல்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் ஒருமுறை வாயை விட்டதில்தான் அந்தக் கறுப்புப் பை இங்கே வந்து கிடக்கிறது.

"நான்தான் குடுத்தேன்" என்றாள்.

அதிகாரி திரும்பினாள். முப்பது வயசுக்குமேல் இருக்காது. கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "மிஸஸ் கிரெய்க்" என்றாள். "என்னைத் தெரியலையா? டெவ்லின் வீட்டுக் கடைசிப் பொண்ணு. உங்க கையால ஏழு வருஷம் சாப்பிட்டிருக்கேன்."

"ஆமா, தெரியுது. ஒல்லியா இருப்ப."

"ஒரு கரண்டிதான போட்டீங்க." டெவ்லின் பேனாவால் அட்டையைத் தட்டினாள். "நீங்களாக் குடுத்தீங்களா? கோவிச்சுக்காதீங்க, கேக்கவேண்டியது என் வேலை. நீங்க யாருக்கும் எதையும் எடுத்துக் குடுத்து நான் பாத்ததில்லையே."

நொரீன் கோழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெல்மாவின் காது இரண்டும் சூடாகிவிட்டது. ஆயுசுபூராவும் சேர்த்துவைத்த பெயர் இப்படி வந்து வழிமறிக்கும் என்று யார் கண்டது.

"வயசானா மனுஷங்க மாறமாட்டாங்களா?" என்றாள். "போன செப்டம்பர். என் வேலியில காஞ்ச காய். முப்பது வருஷமா இங்கயே விதையெடுத்து இங்கயே போடறது. அப்ப இந்த விதியே கிடையாது. வேணும்னா என் பழைய நோட்டெல்லாம் கொண்டாந்து காட்றேன்."

"போன் பண்ணவங்க தபால்ல வந்ததுன்னு ரொம்ப உறுதியாச் சொன்னாங்க."

"எவளோ வேலைவெட்டி இல்லாதவ."

"இருக்கும்" என்றாள் டெவ்லின். "எங்கயோ கேட்ட குரலா இருந்துச்சு." சிரிக்காமல் எதையோ எழுதினாள், இரண்டு இலையைத் திருப்பிப் பார்த்தாள், கறுப்புப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

கார் திரும்பிப் போன பிறகு கோழிக்கூண்டுக்குப் பின்னால் இரண்டு பேர் மிச்சம். ஒருத்தி திருடி, ஒருத்தி கோள்சொல்லி. அதற்குள் பக்கத்தில் நின்று பூவைப் பார்த்த தெல்மாவுக்குப் பழைய எரிச்சல் எட்டிப் பார்த்துவிட்டது. காம்புக்கு நான்குதான். ஒன்றிரண்டில் ஐந்து.

"தெல்மா" என்று நொரீன் ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர். "நான் உனக்கு எப்படி நன்..."

"வாய மூடுடி. சொன்னா பட்டுப்போயிடும்."

செப்டம்பர் கடைசியில் காய் வைக்கோல் நிறத்துக்கு வந்தது. தெல்மா கேட்கவில்லை. தான் கொடுத்ததாகச் சொன்னதை எந்த மூஞ்சியோடு திருப்பிக் கேட்பது? ஸ்டூலில் ஏறி மட்டும் தினமும் பார்த்தாள். மழை வந்துவிடுமோ, காய் வெடித்துவிடுமோ என்று வானத்தைத் திட்டினாள். மர்டோவுக்கு ஒரு பதிலும் போடவில்லை. விதை இல்லாமல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

ஒரு புதன்கிழமை நொரீன் கதவைத் தட்டினாள். வாசலைத் தாண்டி வரவில்லை.

"நாளைக்குப் பத்து மணி பஸ்ல பாலிமீனா போறேன். திரும்ப நாலு மணியாகும். கேட்டு சரியா சாத்தாது, தெரியும்ல."

"எங்கிட்ட எதுக்குச் சொல்ற?"

"சும்மாத்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் பத்தரை மணிக்கு தெல்மா திருடப் போனாள். அறுபத்தொன்பது வயசில், கைப்பையோடு, சர்ச்சுக்குப் போகிற கோட்டைப் போட்டுக்கொண்டு. கோழிகள் பார்த்தன. நல்ல செடியில் நல்ல காயாகப் பார்த்து விதைக்கென்று சிவப்பு நூல் கட்டிவைப்பது எங்கள் வழக்கம். கட்டின காயை யாரும் தொடமாட்டார்கள், அது வீட்டுக்காரியுடையது. நொரீன் நான்கு காயில் நூல் கட்டியிருந்தாள். நான்கும் வரிசையின் முன்பக்கம், கூண்டைச் சுற்றி வந்ததும் கைக்கு எட்டுகிற இடத்தில், தெல்மாவின் உயரத்துக்கு. நொரீன் அவளைவிட ஒரு சாண் உயரம்.

தெல்மா நூலைப் பிரித்துக் காயைப் பறித்தாள். மூக்கை உறிஞ்சினாள். குளிர்காற்று என்று சொல்லிக்கொண்டாள்.

அடுப்படி மேஜையில் உரித்தபோது இருபத்தாறு விதை இருந்தது. எட்டைத் தனியாக எடுத்தாள். கொஞ்சம் யோசித்து இன்னும் நான்கைச் சேர்த்தாள். எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த வெஸ்லி கோப்பையைக் கீழே வைத்தான். மிச்சத்தில் பாதியைச் சர்க்கரை டப்பாவிலும், பாதியை எலி ஏற முடியாத படுக்கையறை அலமாரியிலும் வைத்தாள்.

கடிதம்தான் எழுத வரவில்லை. மழையைப் பற்றி எழுதினாள், முட்டிவலியைப் பற்றி எழுதினாள். "விதை அனுப்பியிருக்கிறேன்" என்று எழுதிப் பேனாவை மூடிவிட்டாள். அதற்கு மேல் ஒரு வரி பாக்கி இருந்தது. எழுதாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. மர்டோவுக்கு தெல்மா மட்டும்தான், எப்போதும் போல. டீ ஆறி, வெஸ்லி எழுந்து போய், மறுபடி வந்து பார்த்தபோதும் அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

கடைசியில் எழுதினாள்: "இது நொரீன் பீட்டியின் தோட்டத்துக் காய். காம்புக்கு நான்கு பூ வந்தது. என்னிடம் வந்ததைவிட நன்றாக இருந்தது." எழுதி முடித்ததும் பல்லைப் பிடுங்கின மாதிரி இருந்தது.

உறையை ஒட்டிக் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தால், நாலு மணி பஸ்ஸில் இறங்கி நொரீன் வந்துகொண்டிருக்கிறாள். உறையைப் பார்த்தாள். காய் போனது அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"ஸ்காட்லாந்துக்கா? குடு தெல்மா, நான் பால் வாங்க அந்தப் பக்கம்தான் போறேன். போட்டுட்டு வரேன்."

"வேண்டாம், நானே போட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டு, தெல்மா உறையைக் கோட்டின் உள்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டாள்.